இடது பின் சக்கரம்

இறந்த அண்ணனைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கும் நீர்மாலைக்குக் கிளம்ப, இடுப்பில் ஈரவேட்டியும் கையில் பித்தளைக் குடமுமாக நாகேந்திரன் முற்றத்தில் இறங்கவும், ஜிபின் மைக்கை நீட்டவும் சரியாக இருந்தது. சென்னை சேனல் ஒன்றின் குமரி மாவட்ட நிருபர் அவன்.

"அண்ணே, நீங்கதானே அந்தத் தம்பி? நட்டு முடுக்க மறந்த தம்பி?" முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. துட்டி வீடு என்று நினைவு வந்து அதைச் சுருக்கிக்கொண்டான். "அந்தக் கதைய ஒங்க வாயால ஒருக்கா சொன்னியள்னா கொள்ளாம். சாருக்க ஃபேவரைட் கதையாக்கும்."

நாகேந்திரன் குடத்தைக் கீழே போட்டான். வைக்கவில்லை, போட்டான். அது உருண்டுபோய் ஷாமியானாக் காலில் முட்டி நின்றது.

"தாணு மாமா, வேற ஆளப் பாருங்க. நான் கொள்ளி வைக்க மாட்டேன்."

பறக்கைத் தெருவே திரும்பிப் பார்த்தது. சாவுக் காரியங்களை முன்னின்று நடத்துகிற தாணுமாலயம் பிள்ளை வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடிவந்தார். "என்னலே பேசுக? ஆம்பளப் புள்ள இல்லாத மனுசன். கூடப்பொறந்தவன் நீ ஒருத்தன்தான் இருக்க. நீ தண்ணி எடுத்துட்டு வராம எப்பிடிலே அவனக் குளிப்பாட்ட?"

"அவ்வளவு கதை சொல்லத் தெரிஞ்சவருக்குத் தானா குளிக்கத் தெரியாதா?"

சொன்ன பிறகு அவனுக்கே கூசியது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை. நேற்று மதியம் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார் என்று போன் வந்ததிலிருந்து, அழுகை வரும் வரும் என்று காத்திருக்கிறான். வந்ததெல்லாம் கோபம்தான்.

அண்ணன் வள்ளிநாயகம் சின்ன ஆளில்லை. பறக்கை வயக்காட்டிலிருந்து போய், சென்னைப் பக்கத்து ரேஸ் டிராக்கில் பதினொரு கோப்பை வாங்கியவர். கால் முறிந்து ஓட்டுவதை விட்ட பிறகு, ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் டிவியில் ரேஸ் வர்ணனை சொன்னவர். "முன்னால போறவன் கொஞ்சம் அசந்தாம் பாருங்க, பின்னால வந்தவன் அவன் சோத்தையும் சேத்துத் தின்னுட்டான்" என்று அவர் சொன்னால், ரேஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் சிரிப்பார்கள். எல்லாவற்றிலும் அதிகம் சிரிக்கவைத்தது தம்பி கதைதான். சீசனுக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவார். "எனக்கு ஒரு தம்பி உண்டு. தங்கமான பய. நாலு நட்டுல மூணு முடுக்குவான். நாலாவத நாளைக்குப் பாப்போம்பான்."

தங்கமான பய வடசேரியில் ஒர்க்‌ஷாப் வைத்தான். ரெண்டு வருஷம் தாங்கியது. வண்டி விட வந்தவர்கள் "நட்டெல்லாம் முடுக்கியாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அப்புறம் கேட்கவும் ஆள் வரவில்லை. இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்கிறான். ஊரில் அவனுக்குப் பெயர் நட்டு. பிள்ளைகள்கூட நட்டு மாமா என்றுதான் கூப்பிடும்.

நடந்தது வேறு. தொண்ணூற்றெட்டில், ரேஸ் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. டயர் மாற்ற அண்ணன் வண்டியை உள்ளே கொண்டுவந்தார். இடது பின் சக்கரம் நாகேந்திரன் பொறுப்பு. முடுக்கி முடித்து அவன் கையைத் தூக்கினால்தான் வண்டி நகரவேண்டும், அது சட்டம். ரெண்டு நட்டு ஏறி, மூன்றாவதில் ஸ்பானர் இருக்கும்போதே அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார். முன்னால் போனவனைப் பிடிக்கிற வெறி. ஸ்பானர் தெறித்து நாகேந்திரனின் தாடையைக் கிழித்தது. அடுத்த வளைவில் சக்கரம் தனியாகப் போயிற்று, அண்ணன் சுவரில் போய் மோதினார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "விசாரணையில மறந்துட்டேன்னு சொல்லிரு மக்கா. நான் முந்தி எடுத்துட்டேன்னு தெரிஞ்சா ரேஸ் லைசென்ஸ் போயிரும். ஒரு மாசம். அப்புறம் நானே சொல்லுகேன்." அவனும் சொன்னான். கால் சரியாகச் சேரவில்லை. அண்ணனுக்கு அதன்பிறகு லைசென்ஸே தேவைப்படவில்லை. ஆனாலும் அந்த ஒரு மாசம் முடியவே இல்லை.

"நீங்க வைக்காட்டா நான் வைக்கேன்."

வாசலில் அண்ணன் மகள் லட்சுமிப்பிரியா நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "அப்பா ஒங்கள ஒரு தடவையாவது திட்டியிருக்காங்களா சித்தப்பா? ஒங்க கவனக்குறைவுல அவங்களுக்குக் காலே போச்சு. சிரிச்சுக்கிட்டேல்லா மன்னிச்சாங்க. இன்னைக்குக்கூட ஒங்களுக்கு ரோசமா?"

மன்னித்தாராம்! நாகேந்திரன் அவளைத் தள்ளாத குறையாக விலக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனான். அண்ணன் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். தலைமாட்டில் அண்ணன் மனைவி, வடிவாம்பாள் மைனி, உட்கார்ந்திருந்தாள்.

"மைனி, அன்னைக்கு எனக்குப் பின்னால பத்தடி தள்ளி நீங்க நின்னிய. இந்தப் பிள்ள ஒங்க இடுப்புல இருந்தா. எங் கை எங்க இருந்துது? சொல்லுங்க."

சுற்றிலும் ஒப்பாரி நின்றது. மைனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணன் போயாச்சு. இனி தெரிஞ்சது ஒங்களுக்கும் எனக்கும்தான். நான் சொன்னா எவன் நம்புவான்? நீங்க சொன்னாத்தான் உண்டு. சொல்லாட்டா அவரு மகளே கொள்ளி வைக்கட்டும். நான் இப்பமே வீட்டுக்குப் போறேன்."

"நாகேந்திரா, இப்பமா இதக் கேக்கணும்?"

"பின்ன எப்பம்? பதினாறு முடிஞ்சா?"

மைனி ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

"ஸ்பானர்லதான் இருந்துது," என்றாள். "ஒங் கை ஸ்பானர்லதான் இருந்துது. தூக்கல்ல. அவருதான் எடுத்துட்டாரு. நான் கத்துனேன், வண்டிச் சத்தத்துல அவருக்குக் கேக்கல்ல."

"அம்மா!" என்றாள் பிரியா.

"மொத தடவ டிவியில அந்தக் கதையச் சொன்னப்பம் எல்லாரும் சிரிச்சாங்க. மறுவாரம் வேலை நிரந்தரம்னு சொன்னாங்க. அப்புறம் எப்பிடிட்டி மாத்திச் சொல்ல? அந்தக் கதையிலதான் நாம சோறு தின்னோம். நீ படிச்சதும் அதுலதான்."

பிரியா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அந்தக் கதையைக் கல்லூரியிலும் ஆபீஸிலும் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். தெருவில் நட்டு என்று கூப்பிடுகிற ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். ஒருத்தனும் நாகேந்திரன் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசல்படியிலிருந்து ஜிபின் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. கேமரா ஆன்ல இல்ல. இன்னொருக்கா சொல்ல ஒக்குமா?"

"வெளிய போலே!" என்று தாணு மாமா கையை ஓங்கினார்.

மைனி நாகேந்திரனைப் பார்த்தாள். போதும் என்று அவன் சொல்லிவிடமாட்டானா என்று பார்க்கிறாள். அது அவனுக்குப் புரிந்தது. புருஷன் பக்கத்தில் கிடக்க ஒருத்தியை இதைவிடக் கொடுமையாக நடத்த முடியாது என்பதும் புரிந்தது. ஆனால் பொய் டிவியில்தான் சொல்லப்பட்டது, பறக்கைத் தெருவில் இல்லை.

"சொல்லுங்க மைனி," என்றான்.

ஜிபின் விளக்கைப் போட்டான். மைனி முடியை ஒதுக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, ஒரு சொல் மாறாமல் மறுபடி சொன்னாள். முடித்ததும் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நேற்றிலிருந்து யாரும் கேட்காத ஒரு அழுகை உள்ளேயிருந்து கேட்டது.

நாகேந்திரன் வெளியே வந்து குடத்தை எடுத்தான். குளத்தில் முங்கி, நிறைகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினான். அவன் தலைக்கு மேலே நாலு பேர் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து வந்தார்கள். முன்னால் ஒருவர் சங்கு ஊதிக்கொண்டு போனார். அழுகை அப்போதும் வரவில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது. இப்போது அதில் மைனிக்கும் ஒரு பங்கு, தனக்கும் ஒரு பங்கு.

வீட்டு வாசலில் ஜிபின் போனில் எதையோ தட்டிக்கொண்டு நின்றான். இவனைக் கண்டதும் பக்கத்தில் வந்தான். "அண்ணே, ஒங்க படத்துக்குக் கீழ எழுத்துல போடணும். வள்ளிநாயகத்தின் தம்பின்னு போட்டா போருமா?"

"பேசாம வாலே," என்று தாணு மாமா முணுமுணுத்தார்.

நாகேந்திரன் நின்றான். துணி பிடித்தவர்களும் நிற்கவேண்டியதாயிற்று. குடம் தளும்பித் தண்ணீர் நெற்றி வழியாக இறங்கியது.

"நாகேந்திரன்," என்றான். "மெக்கானிக்."

ஜிபின் அதைத் தட்டி முடிக்கிறவரை நின்று பார்த்துவிட்டுப் படியேறினான்.