நாலு மாதம் தேடி வாங்கிய ரம்பம்

என்னைக் கல்யாணம் செய்துகொள்ள அரை மணி நேரத்தில் சம்மதம் சொன்ன மனுஷன், ஒரு ரம்பம் வாங்க நாலு மாதம் எடுத்துக்கொண்டார். கரண்டில் ஓடுவதா, பெட்ரோலில் ஓடுவதா என்று கேட்டே என் உயிரை வாங்கினார். கரண்டில் ஓடுவது கைக்கு லேசு, ஆனால் மரம் விழுகிற நாளில் கரண்ட் இருக்காதே என்று கடைசியில் பெட்ரோலுக்கு வந்தார். கடைக்காரர் சொன்ன எதையும் நம்பவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துத்தான் எடுத்தார். அந்த நிதானத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வந்த ரம்பமாவது ஒழுங்காக இருந்ததா? வைத்த இடத்தில் எண்ணெய் கசிந்து தரையெல்லாம் பிசுபிசுப்பு. போன வாரம் நானே மூடியைத் திறந்து, மரத்தை அறுக்கிற பல் வைத்த சங்கிலியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி வைத்தேன். இந்த வீட்டில் எதற்கும் நான்தானே!

நேற்றைய காற்றில் வாசல் மரம் குறுக்கே விழுந்து, கார் போக வழியில்லை. உள்ளே என் மாமனார் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு அவருக்கு டயாலிசிஸ். போன முறை தவறியதற்கே கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இன்றும் தவறினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இவரோ கண்ணாடி, கையுறை, பூட்ஸ் என்று சாவகாசமாக அலங்காரம் முடித்து வந்தார். ரம்பம் உறுமியது. மரத்தில் வைத்தார். புகைதான் வந்தது. கட்டை கருகியதே தவிர, ஒரு விரற்கடை கூட உள்ளே இறங்கவில்லை.

"நாலு மாசம் தேடுன லட்சணமா இது?"

"கொஞ்சம் இரு."

"மணி ஒம்பதாச்சு! மாமா அங்க மூச்சு விட முடியாம தவிக்கிறாரு, இருக்கணுமாம்!"

என் சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தச்சர் ஓடி வந்தார். ரம்பத்தை நிறுத்தச் சொல்லி, குனிந்து பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பல்லெல்லாம் பின்னாடி பாத்துக்கிட்டு இருக்கே! யாருங்க சங்கிலியத் திருப்பி மாட்டுனது?"

நான் சட்டென்று குனிந்து, கீழே கிடந்த சுள்ளிகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"நான்தாண்ணே," என்றார் இவர், என் பக்கம் திரும்பாமல். "அவசரத்துல மாட்டிட்டேன்."

அவசரமாம். இவருக்கு!

தச்சர் இரண்டு நட்டைக் கழற்றி, சங்கிலியைத் திருப்பிப் போட்டார். அப்புறம் பொறி பறக்காத குறைதான். முதலில் கிளைகள், பிறகு அடிமரம் மூன்று துண்டு. உருட்டித் தள்ளிவிட்டு, ஒன்பதே முக்காலுக்குக் கார் கிளம்பியது.

மாமனாரை ஆஸ்பத்திரியில் உள்ளே அனுப்பிவிட்டு உட்கார்ந்ததும் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சங்கிலிய ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா?"

"பாத்திருக்கணும்தான்," என்றார். "நீ மாட்டுனதாச்சே, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

நாலு மாதம் எதையும் நம்பாத மனுஷன். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.