கரிநாளில் அடித்த வெயில்

இப்போதெல்லாம் மழை பெய்தால் ஜனங்களுக்குப் பயிர் நினைப்பு வருவதில்லை, பஜ்ஜி நினைப்புதான் வருகிறது. தை மாசத்து மழை யார் குடியைக் கெடுக்கும் என்று கேட்க ஒரு நாதியில்லை. கருப்பையன் வாசலில் நின்று வானத்தை முறைத்துக்கொண்டிருந்தார். காரைக்கால் ஆபீசுக்குக் கிளம்பிய மருமகள் கீர்த்திகா ஸ்கூட்டியை நிறுத்தி, போனைத் தூக்கி மழையைப் படம் பிடித்தாள்.

"மாமா, க்ளைமேட் ஜம்முன்னு இருக்குல்ல? ஊட்டி மாதிரி."

"ஊட்டியிலயா நெல்லு போட்டுருக்கோம்?"

அவள் போனை உள்ளே வைத்தாள். "நேத்தே அறுத்திருக்கலாம் மாமா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். மெதுவாகச் சொன்னதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

நேற்று நெரவி ஊர் முழுக்க நல்ல வெயில். வருஷமெல்லாம் அவர் காத்துக்கிடப்பது அப்படிப்பட்ட ஒரு நாளுக்குத்தான். சித்திரை மண்டையைப் பிளக்கும், ஐப்பசி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்; தை ஒன்றுதான் மனுஷனுக்கென்று போட்ட மாசம் என்பார். காலைப் பனி காய்ந்து, வாடைக்காற்று லேசாகத் தட்டினால், முற்றிய கதிர்கள் உரசுகிற சத்தம் வரப்பில் நிற்பவனுக்குக் கேட்கும். அந்தச் சத்தத்துக்குள் இறங்கி, முதல் பிடியைத் தன் கையால் அறுத்து நிலைப்படியில் கட்டவேண்டும். அதற்குப் பிறகு அறுப்பு மெஷின் என்ன கூத்தடித்தாலும் அவருக்குக் கவலையில்லை.

நேற்று எல்லாம் கூடி வந்திருந்தது. பக்கத்து வயலில் சிதம்பரநாதனுக்கு அறுத்துக்கொண்டிருந்த மெஷின் டிரைவர், "அப்படியே உங்களுதையும் முடிச்சிடட்டுங்களா?" என்று கேட்கக்கூடச் செய்தான். ஆனால் காலண்டரில் கரிநாள் என்று போட்டிருந்தது. கரிநாளில் கதிரில் அரிவாள் வைத்தவன் குடும்பம் விளங்கியதாக அவர் கேள்விப்பட்டதில்லை. "நாளைக்கு வா" என்றுவிட்டார். மழை வரும் என்று கீர்த்திகா போனை நீட்டியபோது, "அது சொல்றதெல்லாம் நடந்துட்டா சாமி எதுக்கு" என்றார்.

உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு அஜ்மீர் பாயின் டீக்கடைக்கு நடந்தார். டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு வரேன்னியே?"

"வயல்ல தண்ணி நிக்குதுங்க. நம்மளுது டயர் வண்டி, பொதைஞ்சிடும். சாயங்காலம் வண்டிய ஏத்த லாரி வருது, பூவம் ஊருல ஒரு மேட்டு நெலம் இருக்கு, அங்க போறேன்."

"அப்ப எம் பயிரு? ரெண்டு நாளு தண்ணியில கெடந்தா கதிருலயே முளைச்சிடுமே."

"சேத்துல எறங்குற செயின் வண்டி கெடைக்குதா பாருங்க. இந்தக் க்ளைமேட்டுக்கு மொதல்ல ஒரு டீ குடிங்க."

"அந்த வார்த்தைய எங்கிட்ட சொல்லாத."

அஜ்மீர் டீயை ஆற்றியபடி, "அண்ணே, கரிநாளு உங்களுக்குத்தான். நெல்லுக்கு யாரு காலண்டரு மாட்டி வெச்சா?" என்றார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

"சிரிங்கடா. சோத்துல கை வைக்கிறப்பவும் இதே மாதிரி சிரிங்க."

சிரிப்பு அடங்கியது. அஜ்மீர் டீயை அவர் பக்கம் நகர்த்தினார். "கோவிச்சுக்காதீங்க. அல்லா குடுத்ததுல நல்ல நாளு கெட்ட நாளு ஏதுண்ணே? நேத்து எப்படி வெயிலு அடிச்சுது."

"வெயிலு அடிச்சா நல்ல நாளாயிடுமா பாய்? நேத்து அறுத்திருந்தா இதைவிடப் பெருசா ஒன்னு வந்திருக்கும்."

"என்ன வந்திருக்கும்?"

கருப்பையன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். டீயைத் தொடவில்லை. "வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கினார்.

மழை இன்னும் வலுத்தது. சிதம்பரநாதனின் அறுத்த வயலில் கொக்குகள் இறங்கித் தாளுக்கு நடுவே புழு பொறுக்கிக்கொண்டிருந்தன. ஒட்டினாற்போல் இருந்த கருப்பையன் வயலில் ஒரு கொக்கும் இல்லை. கால் வைக்க இடமில்லாமல் கதிர் மொத்தமும் தண்ணீரில் முகம் கவிழ்ந்து கிடந்தது. அவர் நிற்கவில்லை. சாக்கை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வரப்பைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தார்.