பத்தாம் நம்பர் செருப்பு

"யாருக்கும்மா?" என்று கேட்ட செருப்புக் கடைக்காரரிடம், "திருடனுக்கு" என்றாள் அஞ்சுகம். அவர் விழித்தார். "ஆம்பளச் செருப்பு, பத்தாம் நம்பர்."

கோவில்பத்தில் அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பூட்டை உடைத்துப் பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சேதி புதுச்சேரியில் இருக்கும் மகள் வெண்மதிக்கு எட்டிவிட்டது. "இன்னொரு தடவ ஏதாச்சும் காதுல விழுந்துச்சு, வீட்டப் பூட்டிட்டு ஒன்ன இங்க கூட்டியாந்துருவேன்" என்றாள். மகளின் மூன்றாவது மாடி வீட்டை நினைத்தாலே அஞ்சுகத்துக்கு மூச்சு முட்டும். தன் வீட்டில் நினைத்ததைச் சமைத்து, நினைத்தபோது தூங்கும் சுகம் அங்கே ஏது? கேமரா மாட்டலாம் என்றாள் மகள். "திருடனப் படம் புடிச்சு நான் என்ன பண்ண? அவன் வராம இருக்கணும்." ஆண்பிள்ளை இருக்கிற வீட்டுக்குத் திருடன் வரமாட்டான் என்பது அஞ்சுகத்தின் கட்சி. கணவர் கோவிந்தராசு போய் நாலு வருடம். அவருக்கு எட்டாம் நம்பர்தான். காவலுக்குத்தானே, கொஞ்சம் வாட்டசாட்டமான ஆளாகவே இருக்கட்டும் என்று பத்து வாங்கினாள்.

காலையில் செருப்பை வாசல்படியில் விட்டாள். மதியம் இடம் மாற்றினாள். மழை பெய்தால் கொஞ்சம் சேறு பூசினாள். கொடியில் ஒரு கைலியும் தினம் நனைந்து காய்ந்தது. திருடன் நம்பினானோ இல்லையோ, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நஜீபா நம்பிவிட்டாள். நல்ல பெண். அம்மா போனை எடுக்காவிட்டால் விசாரிக்கலாம் என்று வெண்மதி அவள் நம்பரை வாங்கி வைத்திருந்தாள். ஒருநாள் நஜீபாவே கூப்பிட்டாள்.

"அக்கா, அந்தப் பெரியவங்க வெளியவே வர்றதில்லையே, ஒடம்புக்கு முடியலையா?"

"எந்தப் பெரியவங்க?"

மறுநாள் முதல் பஸ்ஸில் வெண்மதி வந்து இறங்கினாள். அறை, கொல்லை, குளியலறை எல்லாம் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். "யாரும்மா அது?"

அஞ்சுகம் சொன்னாள். வீட்டைப் பூட்டிவிடுவாளே என்ற பயத்தில் சொல்லும்போதே அழுகை வந்தது. முறைத்துக்கொண்டு நின்ற வெண்மதி சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு அடங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பத்தாம் நம்பரா! அப்பா பாத்தா சண்டைக்கு வந்துருப்பாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டே அஞ்சுகமும் சிரித்தாள்.

சாயங்காலம் வெண்மதி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டைப் பற்றி அவளும் ஒன்றும் சொல்லவில்லை, அஞ்சுகத்துக்குக் கேட்கவும் தைரியமில்லை. கேட்டைத் திறந்தவள் நின்று திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அப்பா, போயிட்டு வரேன்!"

அந்த வார்த்தை அந்த வீட்டில் கேட்டு நாலு வருடம் ஆகிறது. மகள் பதிலுக்குக் காத்திருப்பதைப் பார்த்ததும் அஞ்சுகம் விறுவிறுவென்று உள்ளே போய், கூடத்து விளக்கைப் போட்டாள்.