ஒரு சொட்டு எண்ணெய்: நான்காவது வரைவு

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பொழுதுபோக்குச் சிறப்பிதழுக்கு இலகுவாக ஒன்று வேண்டும் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். "யாரும் சாகக் கூடாது, யாரும் அழக் கூடாது. உங்க கதைங்கள்ல அது ரெண்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் அக்காவின் தோட்டத்து ரயிலைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்கா பல் மருத்துவர். வீட்டுக்குப் பின்னால், எலுமிச்சை மரத்தைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, நாற்பது மீட்டருக்குப் பித்தளைத் தண்டவாளம் போட்டிருக்கிறாள். முழங்கை நீளத்தில் மூன்று எஞ்சின்கள், பதினோரு பெட்டிகள். ஒவ்வொரு வருஷமும் மழை ஓய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி ஓடவிடுவாள். ஒன்பது வருஷமாக நான் அதற்கு எடுபிடி. இதில் யார் அழப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

2

முதல் வரைவின் முதல் வாக்கியம்:

"மழை நின்ற மூன்றாம் நாள், ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஒருவர் தன் தோட்டத்து ரயிலின் முன் மண்டியிட்டு, என்றோ தொலைத்துவிட்ட தன்"

தன் என்ன? எனக்கே தெரியவில்லை. அக்காவை அப்படியே எழுதினால் முறைப்பாளே என்றுதான் தபால் அதிகாரியைக் கூட்டிவந்தேன். மனிதர் இரண்டு பத்திகள் சும்மா நின்றார். எதை எடுத்து எங்கே வைப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அக்காவாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். சக்கரத்தில் அப்பியிருக்கும் கறுப்பு அழுக்கைச் சுரண்டப் பல் காறை எடுக்கும் கொக்கி. எஞ்சினின் அடிப்பக்கத்தைப் பார்க்க வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடி. எண்ணெய் விட, முனை மழுங்கிய ஊசி.* தபால் அதிகாரிக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டேன். அவருக்கு அது பழக்கமானதுதான்.

(* ஊசி எதற்கு என்றால், அச்சு சுழலும் துளையில் ஒரே ஒரு சொட்டுதான் விழ வேண்டும். இரண்டாவது சொட்டு வழிந்து சக்கரத்துக்குப் போகும், அங்கிருந்து தண்டவாளத்துக்கு. பிறகு எஞ்சின் நகராது, நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். கறுப்பு எஞ்சினுக்கு இது அடிக்கடி நேரும். இருந்த இடத்தை விட்டு அசையாமல் சத்தம் மட்டும் போடுவதால் அதற்கு மாமியார் என்று பெயர்.)

3

இரண்டாம் வரைவில் நானே கதாநாயகி. இந்த வருஷம் நடந்தது அதற்குத் தோதாகவும் இருந்தது.

தண்டவாளத்தைத் தேய்த்து, சரளைக்கல்லுக்கு அடியில் குடியேறியிருந்த எறும்புகளை அப்புறப்படுத்திவிட்டு நான் வந்தபோது, மாமியாரைத் துண்டின் மேல் மல்லாக்கப் போட்டிருந்தாள் அக்கா.

"இந்தா, நீ எண்ணெய் விடு."

"நானா? போன வருஷம் பாட்டில் மூடியைக்கூடத் தொட விடல நீ."

"ஐம்பது வயசாச்சு. கத்துக்க வேண்டாமா?"

"வழிஞ்சா திட்டுவ."

"திட்டல. மணிக்கட்டைத் துண்டு மேல ஊனிக்கோ. மூச்சை விட்டுட்டு அழுத்துடி."

இடது கையை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொடுத்தாள். மூன்று எஞ்சின்களுக்கும் நானே விட்டேன். இரண்டு இடத்தில் வழிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது வருஷ எடுபிடிக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது என்று அந்தப் பகுதியை ரசித்து ரசித்து எழுதினேன். இந்த முறை அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாதென்று கிளினிக்குக்கு இரண்டு வாரம் லீவு விட்டிருந்ததையும் சேர்த்து, "ரயில் பைத்தியம் முற்றிவிட்டது" என்று ஒரு வரி போட்டேன். கடைசியில் மாமியார் பெட்டிகளை இழுத்துக்கொண்டு எலுமிச்சை மரத்தைச் சுற்றி வந்தது. சுபம்.

(இங்கேயே நிறுத்தியிருந்தால் ஆசிரியருக்கு நல்லது. உங்களுக்கும் ஐந்து நிமிஷம் மிச்சம்.)

4

திருத்தும்போது எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கதையில் யாராவது சும்மா நின்றால் அவர் கையில் எதையாவது கொடுத்துவிடுவேன். மூன்றாம் வரைவில் அக்கா இரண்டு பக்கம் சும்மா நின்றாள். சரி, உண்மையில் அன்று அவள் கையில் என்ன இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன்.

எதுவும் இல்லை. திருப்புளி கேட்டபோது, ஒன்றை எடுத்து நீட்டாமல் பெட்டியையே முழங்கையால் என் பக்கம் தள்ளினாள். நான் கொண்டுவந்த டீ ஆறி ஏடு கட்டிக் கிடந்தது. நான் கை கழுவப் போய்விட்டு வந்தபோது கோப்பை காலியாக இருந்தது, கீழே தட்டில் டீ சிந்தியிருந்தது. நான் பார்த்தவரை அந்தக் கை ஏப்ரன் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

அக்காவின் கை நடுங்குகிறது.

(இந்த வாக்கியத்தை நான்கு முறை அடித்தேன். இருக்கட்டும்.)

அன்று முழுக்கப் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததாக நான் பெருமையடித்துக்கொண்டிருக்க, அவள் ஊசியைக் கைமாற்றிக் கொடுத்திருக்கிறாள். பயமாகவும் இருந்தது. முப்பது வருஷமாக அடுத்தவர் வாய்க்குள் வேலை பார்க்கும் கை அது.

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

நான் நேராகக் கேட்கிறேன், அவள் அழுகிறாள். ஆசிரியர் கூடாதென்றிருக்கிறார். அக்காவும் அழுகிற ரகம் இல்லை.

நான்காம் பகுதியை எடுத்துவிடுகிறேன். கதை இலகுவாகிவிடும். லீவு முடிந்து திங்கட்கிழமை அவள் கிளினிக்கைத் திறப்பாள். யாருக்கும் எதுவும் தெரியாது, அதாவது எனக்கு

வெறும் அசதி என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. பிடித்திருக்கிறது என்பதாலேயே நம்பிக்கை வரவில்லை.

கடைசியில் கோழைத்தனமாக ஒன்று செய்தேன். யந்திரமோ பல்லோ வரும் கதைகளை அக்காவிடம் காட்டிப் பிழை திருத்தி வாங்குவது உண்டு. வாயால் கேட்கத் துணிவில்லாமல், நான்காம் பகுதியோடு அப்படியே கொடுத்து அனுப்பினேன்.

6

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் போனேன். தாள்கள் சமையலறை மேஜையில் இருந்தன. பென்சிலால் திருத்தியிருந்தாள். "நாற்பது மீட்டர்" என்பதன் பக்கத்தில், முப்பத்தாறரை, அளந்துதானே போட்டேன். மாமியார் என்ற இடத்தில், இது நீ வைத்த பெயர் என்று தெளிவாக எழுது. மூன்றாம் பகுதியில் "இடது கையை ஏப்ரன் பைக்குள்" என்று நான் எழுதியிருந்ததில் "இடது" அடிக்கப்பட்டு, மேலே "வலது" என்றிருந்தது. அடித்த கோடு நேராக இல்லை.

நான் அந்த இடத்தில் விரலை வைத்தேன்.

"தப்பா இருக்கக் கூடாதுல்ல" என்றாள்.

"எத்தனை நாளாக்கா?"

"மழைக்கு முன்னாடியிருந்து. முதல்ல சாயங்காலம் மட்டும்தான். அதனால காலையில மட்டும் பேஷண்ட் பாத்தேன். அப்புறம் காலையிலயும் வந்துடுச்சு. அன்னைக்கே லீவு போர்டு மாட்டிட்டேன்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன். மாத்திரை குடுத்திருக்கார். போட்டா நாலு மணி நேரம் நிக்குது. ஸ்கேன் எடுக்கணும்னார். தேதி குடுத்திருக்காங்க, புதன்கிழமை."

"அப்ப அதுவரைக்கும் திறக்காத."

"அதுவரைக்கும்னு நீ சொல்ற. புதன்கிழமை அதுக்கு ஒரு பேர் வெச்சுட்டாங்கன்னா, அப்புறம் அந்தக் கதவைத் திறக்கவே விட மாட்டாங்க." தாள்களை அடுக்கி ஓரம் தட்டினாள். அப்போது கை நடுங்கவில்லை. மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது. "திங்கட்கிழமை ஒரே ஒரு நாள். நாலு மணி நேரம். முப்பது வருஷமா செஞ்சதை, கடைசின்னு தெரிஞ்சு ஒரு தடவை செய்யணும்டி."

இருந்தாலும் கேட்டேன். "வாயைத் திறந்துட்டுப் படுத்திருக்கறவங்களுக்கு அது தெரிய வேண்டாமா?"

தோட்டத்தில் எலுமிச்சை இலைகள் தண்டவாளத்தில் விழுந்திருந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடறேன்" என்றாள். "ஒவ்வொருத்தர்கிட்டயும் கையைக் காட்டிச் சொல்லிடறேன். இருக்கறதா, எழுந்து போறதான்னு அவங்களே சொல்லட்டும். நீ எதுவும் முடிச்சு எழுதாத."

7

ஆகவே முடித்து எழுதவில்லை. ஆசிரியருக்கு மன்னிப்புக் கடிதம் போட்டுவிட்டேன். இந்தக் கதையில் யாரும் சாகவில்லை, அழுதவள் நான் ஒருத்திதான், அதுவும் பக்கத்துக்கு வெளியே.

இனி உங்கள் முறை. திங்கட்கிழமை, காலை ஒன்பதரை. கீழ்க் கடைவாய்ப் பல் மூன்று நாளாக உங்களைத் தூங்கவிடவில்லை. பதினைந்து வருஷமாக இவளிடம்தான் வருகிறீர்கள், ஒரு தடவைகூட வலிக்க வைத்ததில்லை. நாற்காலி சாய்ந்துவிட்டது, தலைக்கு மேல் விளக்கு எரிகிறது. முகமூடியை இறக்கிவிட்டு அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். வலது கையை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டுகிறாள். இப்போது அது அசையவில்லை.

நீங்கள் ஒரு பதில் சொல்லும்வரை அவள் கையுறை மாட்டப்போவதில்லை.