இஸ்பேடு ஏழு

எண்பத்தாறு வரைக்கும் பதினோரு வருஷம் நான் சூடாகச் சோறு தின்றதில்லை. ஏற்காட்டில் மெஸ் நடத்துகிறவள் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் நடந்தது. சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் எழுந்து, என் வீட்டுக்காரர் வேலுசாமியும் கை கழுவிய பிறகு, பானையின் அடியில் மிஞ்சியது என் பங்குக்கு வரும். அதற்குள் மலைக்குளிர் சோற்றை விறைக்க வைத்து, குழம்பின் மேல் எண்ணெயை ஏடாகக் கட்ட வைத்திருக்கும். ஒரே ஒரு நாள், யாரோ ஆக்கியதை, உட்கார்ந்த இடத்தில், ஆவி பறக்கத் தின்ன வேண்டும். இதற்கு மேல் எனக்கு அப்போது பெரிய ஆசையெல்லாம் இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மெஸ்ஸுக்கு விடுமுறை. எனக்கு இல்லை. அன்று மத்தியானம் நாலு பேர் எங்கள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் ஆடுவார்கள். என் வீட்டுக்காரர், எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் பொன்னுவேல், நாகலூர் பஸ் கண்டக்டர் குழந்தைவேல், வெள்ளக்கடை ஊரில் காப்பியும் ஆரஞ்சும் பயிர் போட்டிருக்கும் மாதையண்ணன். எதிரெதிரே உட்காருகிற இருவர் ஒரு ஜோடி. தோற்ற ஜோடி அடுத்த செவ்வாய் கோழிச்சோறு போட வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தார்கள். யார் தோற்றாலும் கோழி மட்டும் அவர்கள் கையால் வரும். அறுத்து, கழுவி, மசாலா அரைத்துக் குழம்பு வைப்பது நான். இந்த அழகில் தோற்றவரைப் பார்த்து மற்றவர்கள் கேலி வேறு செய்வார்கள்.

எண்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம் ரைட்டருக்குக் குடகு எஸ்டேட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது. மழைக்காலம், டூரிஸ்ட் ஒருத்தரும் கிடையாது. மூன்று பேரும் சீட்டுக்கட்டை நடுவில் வைத்துக்கொண்டு துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நான் ஆடுகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஆனா ஒண்ணுங்க. தோத்தவங்கதான் அடுப்புல நிக்கோணும். செயிச்சவங்க சமையக்கட்டுப் பக்கமே வரக்கூடாது" என்றேன்.

அவர் தாராளமாக ஒப்புக்கொண்டார். ரைட்டரின் இடத்தில் அவருக்கு எதிரே உட்காரப் போகிறவள் நான். ஜோடியில் ஒருத்திக்குச் சமைக்கத் தெரிந்திருக்கும்போது தோற்றால்தான் அவருக்கு என்ன நஷ்டம்?

ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தது குழந்தைவேல். என்னைவிடப் பத்து வயது சின்னவன். நிறுத்தம் வருவதற்குள் டிக்கெட் கிழிக்கிற அவசரம் அவன் பேச்சிலும் உண்டு. ஏழுக்குக் கீழே உள்ளதை எடுத்துவிட்டால் முப்பத்திரண்டு சீட்டு, ஆளுக்கு எட்டு. ஆளுக்கொன்றாக நாலு சீட்டு விழுந்தால் ஒரு பிடி, அதில் பெரிய சீட்டு வைத்தவர் பக்கத்துக்கு அந்தப் புள்ளியெல்லாம் போகும். ஜாக்கிதான் பெரியவன், மூன்று புள்ளி. அடுத்தது ஒன்பது, இரண்டு புள்ளி. ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜா, ராணிக்குப் பூஜ்யம். கேட்டதும் எனக்கு ஆட்டத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது. மொத்தம் இருபத்தெட்டுப் புள்ளி. அதில் எத்தனை பிடிப்போம் என்று ஏலம் கேட்க வேண்டும். அதிகம் கேட்டவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அதன் இனம்தான் துருப்பு. இறங்கிய இனம் கையில் இல்லாதவர் துருப்பைத் திறக்கச் சொல்லி வெட்டலாம். துருப்பில் வெறும் ஏழு போதும், வேற்றினத்து ஜாக்கியைச் சாய்த்துவிடும்.

"ஜோடி பெரிய சீட்டு வெச்சு அந்தப் பிடி நம்முளுதுன்னு தெரிஞ்சா, உங்க கையில இருக்கற புள்ளிய அதுமேல போட்டுருங்கக்கா. வாயத் தொறந்து பேசக்கூடாது, சாடை காட்டக்கூடாது. அவ்வளவுதான்" என்றான்.

மூன்று வாரம் என் வீட்டுக்காரருக்கு எதிரே உட்கார்ந்தேன். சாடை கூடாது என்பது மற்றவர்களுக்குப் போட்ட சட்டம் போலிருக்கிறது. நான் எந்தச் சீட்டைத் தொட்டாலும் அவர் தாடை அசையும். மேலே தூக்கினால் வை, பக்கவாட்டில் போனால் வேண்டாம். இலையில் உட்கார்ந்தவர்களில் யாருக்கு என்ன வேண்டும் என்று மெஸ்ஸில் காட்டுவாரே, அதே தாடைதான். அது சொன்னபடி வைத்தேன். மூன்று வாரமும் தோற்றோம். மூன்று வாரமும் அடுப்பில் நின்றது நான். அவர் பங்குக்கு இரண்டு வெங்காயம் உரித்தார். அதற்கே கண் எரிகிறது என்று வாசலுக்குப் போய்விட்டார்.

நாலாவது வாரம் ஜோடியைச் சீட்டெடுத்துத்தான் பிரிக்க வேண்டும் என்றேன். புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கமா, ஊர் என்ன பேசும் என்றார் அவர். மெஸ்ஸுக்குள் ஆடுவதை ஊர் எங்கே எட்டிப் பார்த்தது? மாதையண்ணன் கட்டைக் கலைத்து விரித்தார். பெரிய சீட்டு எடுத்த இருவர் ஒரு ஜோடி. எனக்கு ஆசு, மாதையண்ணனுக்கு ராஜா. நான் இடம் மாறி, என் வீட்டுக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதல் ஆட்டத்திலேயே மானம் போயிற்று. என் வீட்டுக்காரர் கிளாவர் ஜாக்கியை வைத்தார். என் கை தன்பாட்டுக்குப் போய் அதன் மேல் கிளாவர் ஒன்பதை வைத்தது. சின்னதாக எட்டு இருந்தும் அதைப் போடத் தோன்றவில்லை. இருப்பதில் நல்லதைப் பார்த்து அவர் முன்னால் வைத்தே பழகிய கை. எதிராளிக்கு இரண்டு புள்ளியை எடுத்துப் பரிமாறிவிட்டேன். குழந்தைவேல் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாதையண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"இருக்கட்டும் அம்மிணி. இப்ப நாந்தான் உங்க ஜோடி. என்னையப் பாத்து ஆடுங்க" என்றார்.

யாரிடமும் நான் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்குப் பிறகு விழுகிற சீட்டை ஒவ்வொன்றாக மனசில் வைத்துக்கொண்டேன். எந்த மேஜையில் யார் இரண்டாம் தடவை ரசம் கேட்டார் என்று நினைவு வைப்பவளுக்கு முப்பத்திரண்டு சீட்டு பெரிய காரியமா? நாலு ஆட்டம் முதலில் ஜெயிக்கிறவர்களுக்கு வெற்றி. மூன்றுக்கு மூன்று என்று வந்து நின்றது. குழந்தைவேலின் பஸ் கிளம்பக் கால்மணி நேரம் இருந்தது.

கடைசி ஆட்டத்தில் என் வீட்டுக்காரர் பதினேழு கேட்டு இஸ்பேடைத் துருப்பாக வைத்திருந்தார். பாதியில் அது திறந்தாயிற்று. இரண்டு பிடி மிச்சம் இருக்கும்போது அவர்கள் பக்கம் பதினாலு புள்ளி சேர்ந்துவிட்டது. இன்னும் மூன்று போதும். அவர் ஆர்ட்டீன் ஜாக்கியை ஓங்கி வைத்தார். சரியாக மூன்று புள்ளி. மாதையண்ணன் ஆர்ட்டீன் ராஜாவைப் போட்டார், குழந்தைவேல் எட்டைப் போட்டான். கடைசியாக நான்.

என்னிடம் ஆர்ட்டீன் இல்லை. இருந்தவை இரண்டு. டைமன் பத்து, இஸ்பேடு ஏழு. இஸ்பேடில் மற்றவை எல்லாம் விழுந்துவிட்டன. மிஞ்சிய அந்த ஒன்று யாரிடம் என்று அவர் எண்ணவில்லை. என்னை எண்ணாதவர் என் சீட்டை எங்கே எண்ணப் போகிறார்?

அப்போதும் என் விரல் பத்தின் மேல்தான் இருந்தது. ஜாக்கிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் இலை நிறைவாக இருக்குமே என்கிற அதே புத்தி. நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தாடையை மேலே தூக்கினார். வை என்று. நான் எதிராளி என்பது அவருக்கும் மறந்துபோயிருந்தது.

நான் ஏழை வைத்தேன்.

மாதையண்ணன் அந்த நாலு சீட்டையும் அள்ளி என் பக்கம் வைத்தார். கடைசிப் பிடி முழுவதும் அவர்களுக்கே போனாலும் பதினாறுதான். ஒரு புள்ளி குறைந்தது. என் வீட்டுக்காரர் ஏழையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைவேல் பஸ்ஸுக்கு ஓடினான். ஓடும்போது, அடுத்த வாரம் எத்தனை மணிக்குச் சமைக்க வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனான்.

அடுத்த செவ்வாய் நானும் மாதையண்ணனும் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பாத்திரங்கள் உருண்டன. என் வீட்டுக்காரர் மஞ்சள்தூள் எங்கே, கறிவேப்பிலை எங்கே என்று உள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். ஆட்டத்தில் வாய் திறக்கக்கூடாது என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். மாதையண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இரண்டு மணிக்கு இலை விழுந்தது. என் இலையில் முதலில் சோறு வந்தது. ஆவி முகத்தில் அடித்தது. கோழிக்குழம்பை ஊற்றிப் பிசைந்தபோது விரல் சுட்டது. சுடட்டும் என்று பிசைந்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல், கறி ஒரு கொதி முன்னாலேயே இறக்கியது. ஆனாலும் அந்த முதல் வாய் தொண்டையில் இறங்கியபோது நான் அடைந்த சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்லி முடிக்க முடியாது.

மறுவாயும் வைத்தேன். என் வீட்டுக்காரர் கரண்டியோடு அங்கேயே நின்றார். குழந்தைவேல் கூப்பிட்டும் உள்ளே போகவில்லை. நெற்றியில் வியர்வை, சட்டையில் மஞ்சள்.

"ஏம்புள்ள, ஒண்ணுமே சொல்லாம திங்கற. எப்பிடியிருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நானும் பதினோரு வருஷமா இப்பிடித்தானுங்க கரண்டியோட நின்னேன்" என்றேன்.

சண்டைக்குச் சொல்லவில்லை. தானாக வந்துவிட்டது. அவர் குண்டானைச் சாய்த்து, அடியில் கிடந்த ஈரல் துண்டைத் தேடி எடுத்து என் இலையில் வைத்தார். ஈரல் எப்போதும் அவருக்குப் போவது.

"ஆறிப்போயிரும், தின்னு" என்றார்.

"குழம்பு நல்லாத்தான் இருக்குதுங்க" என்றேன்.