காற்று எந்தப் பக்கம்

மூன்று வாரத்தில் மூன்றாவது முறையாகக் கார் சிக்னலில் கொதித்து நின்ற அன்று, அண்ணன் பழைய இரும்புக்காரனிடம் பேசி முடித்துவிட்டார். சாப்பாட்டு மேசையில், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

"இருபத்திரண்டு வருஷ வண்டி. போதும்மா. உனக்கு எங்க போகணும்னாலும் ஒரு வார்த்தை கேளு, நான் கொண்டு விடமாட்டேனா?"

அவர் தங்கை, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் வீட்டுக்கே போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ். நாளுக்கு ஏழு வீடு. ஏழு முறை ஒரு வார்த்தை. கணவனை விட்டு வந்து அண்ணன் வீட்டில் தங்கிய இந்த இரண்டு வருடத்தில், யாரையும் கேட்காமல் அவள் செய்துவந்த ஒரே காரியம் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான். ஆனால் வண்டி, அப்பாவுக்குப் பிறகு, அண்ணன் பேரில் இருந்தது.

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

"ரேடியேட்டர் ஃபேன் கருகிப்போச்சு. அவ்வளவுதான். நான் மாத்திடறேன்."

"நீயா?" அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. "சரி, மாத்து. ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மணிக்கு வாசல்ல நிறுத்தி அரை மணி நேரம் எஞ்சின ஓட விடு. கொதிக்கலைன்னா உன் பேருக்கே எழுதித் தந்துடறேன். கொதிச்சா, திங்கக்கிழமை இரும்புக்காரன் வருவான். அப்புறம் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"அண்ணி, நீங்க சாட்சி," என்றாள்.

அண்ணி குழம்புப் பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

சனிக்கிழமை உதிரிபாகக் கடைக்கு ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். ரேடியேட்டரின் அளவுக்கு வெட்டிய அட்டை. மூலையில், ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள இடைவெளி எட்டரை சென்டிமீட்டர் என்று பேனாவால் எழுதியிருந்தாள். கடைக்காரர் பெரிய ஃபேன் ஒன்றை எடுத்துப் போட்டார்.

"இதை மாட்டுங்க, காத்து பிச்சுக்கிட்டு வரும்."

அவள் அட்டையை அதன்மேல் வைத்தாள். ஃபேன் இரண்டு விரல் வெளியே நின்றது.

"என்னம்மா, சட்டை தைக்கறதுக்கு அளவு எடுத்த மாதிரி! மெக்கானிக்க போன்ல கூப்பிடுங்க, நான் பேசறேன்."

"இங்கதான் நிக்கறேன், பேசுங்க."

கடைக்காரர் அவளை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு ஏணி போட்டு ஏறினார். நான்காவதாக எடுத்தது அட்டைக்குள் அடங்கியது. மோட்டாரின் தடிமனும் சேர்த்து ஏழு சென்டிமீட்டர். ரேடியேட்டரின் நடுவே குத்தி மாட்டும் பிளாஸ்டிக் ஊசிகளையும் கொடுத்தார். அவற்றை அங்கேயே விட்டாள். பழைய ஃபேனின் இரும்புச் சட்டத்தில் திருகி மாட்டினால் ரேடியேட்டரில் ஓட்டை விழாது. வாங்கும் முன் கடை பேட்டரியில் இணைத்து ஓடவிடச் சொன்னாள். மோட்டார் பக்கம் நின்றவளின் முகத்தில் காற்று அடித்தது. அப்படித்தான் அடிக்க வேண்டும்: முன்பக்கக் காற்றை ரேடியேட்டர் வழியாக இழுத்து எஞ்சின் பக்கம் தள்ள வேண்டும்.

ஞாயிறு காலை முழுக்க ஷெட்டில் கழிந்தது. முழங்கை இரண்டு இடத்தில் கிழிந்தது. மதியம் எஞ்சினை ஓடவிட்டாள். சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் ஏறியதும் ஃபேன் சுற்றத் தொடங்கியது. அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் முள் நிற்கவில்லை. சிவப்புக் கோட்டைத் தொடுமுன் எஞ்சினை அணைத்தாள்.

வண்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். வீட்டுக்குள் அண்ணன் டி.வி. பார்க்கும் சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ. புண் ஆறவில்லையென்றால் மேலே இன்னொரு கட்டுப் போடக் கூடாது, பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அது அவள் தொழில். எழுந்து எஞ்சினை மறுபடி ஓடவிட்டாள். ஃபேன் சுற்றியதும், கடை ரசீதை வண்டி முகப்புக் கம்பிகளின் மேல் வைத்துக் கையை எடுத்தாள். காகிதம் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது பறந்து வந்து அவள் மார்பில் மோதியது.

ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

கடையில் சரியாகச் சுற்றியது இங்கே மாறுகிறதென்றால் கோளாறு ஃபேனில் இல்லை, வண்டியின் ஒயரில். எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் தடவிக்கொண்டே போனாள். முன்விளக்குக்குப் பின்னால் ஒரு பச்சை டேப். பிரித்தாள். கறுப்பு ஒயர் நீலத்தோடும், நீலம் கறுப்போடும் முறுக்கியிருந்தன.

போன வருடம் அந்த இணைப்பு உடைந்தபோது, "ரெண்டு ஒயருக்கு மெக்கானிக்கா?" என்று சட்டையை மடித்துவிட்டு இறங்கியவர் அண்ணன். வண்டி சூடாக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஒரு வருடமாக எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டியே பழைய மோட்டார் கருகியிருக்கிறது. ஒரு வருடமும் பழி வண்டியின் வயதுக்கு.

ஒயர்களை மாற்றி முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினாள். ரசீது முகப்பில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

ஐந்து மணிக்கு அண்ணன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவள் எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்திருந்தாள். ஃபேன் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. முள் பாதியைத் தாண்டவில்லை. கால் மணியில் அவர் எழுந்துவந்து பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். அரை மணியில் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார்.

"என்னதான் பிரச்சனை இருந்துச்சு?"

"ஒயர் மாறியிருந்துச்சு."

"எந்த மடையன் மாத்தினான்?"

பிரித்தெடுத்த பச்சை டேப், சுருண்டபடி, டாஷ்போர்டின் மேல் இருந்தது. ஜன்னலுக்குள் குனிந்தவர் அதைப் பார்த்தார். அந்த டேப்பின் மிச்சம் அவருடைய மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. சட்டென்று நிமிர்ந்தார்.

"சரி, இறங்கு," என்றார் கடைசியில், கையை நீட்டி. "ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

அவள் இறங்கவில்லை. எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்கண்ணா. எங்க போகணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் கொண்டு விடமாட்டேனா?"

வாசல்படியில் நின்ற அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் அசையாமல் நின்றார். ஃபேன் இன்னொரு முறை ஓடி நிற்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்திக் கியரைப் போட்டாள்.