காற்றில்லாத நாள்

ரொட்டிக்கு வெண்ணெய் தடவித் தடவிக் கிரான்யாவுக்குத் தோள் கடுத்தது. முன்னறையில் அப்பா திறந்த சவப்பெட்டிக்குள், கல்யாணக் கோட்டுடன் கிடந்தார். வந்தவர்கள் அவர் கையைத் தொட்டுவிட்டுத் தேநீருக்கு அடுக்களைக்கு வந்தார்கள். கொட்டகையில் அக்கம்பக்கத்தார் பால் கறந்துகொண்டிருந்தார்கள். சாவு வீட்டுக்காரர்களை மாட்டுப் பக்கம் விடமாட்டார்கள்.

முந்தாநாள் காலை, வயலுக்குத் தெளிக்கச் சாணிக்குழியைக் கலக்கப் போனவர். மேலே காய்ந்த ஏடு உடைந்தால் விஷவாயு கிளம்பும். காற்றடிக்கிற நாளில்தான் கலக்க வேண்டும். அயர்லாந்தில் அது குழந்தைக்கும் தெரியும். அன்று ஒரு இலைகூட அசையவில்லை.

பக்கத்துப் பண்ணை பேக்கி தொப்பியைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு ஆளுங்க வந்திருந்தாங்கம்மா. காத்தடிச்சா நாத்தம் எங்க பக்கம்தான் வரும்னு, உங்கப்பா டோனல் காத்தில்லாத நாளாப் பாத்து... நான் கேக்கவே இல்லம்மா."

"நாத்தம் அடிச்சிருந்தா செத்தா போயிருப்பீங்க?"

பேக்கி தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வெளியே போனார்.

"அவரை ஏன் கடிக்கிற?" என்றான் அண்ணன் ஃபெர்கல்.

"வேற யாரைக் கடிக்க? விவசாயப் படிப்புல கத்துக்கிட்டு, வாயுவைக் குறைக்கிற மருந்து ரெண்டு பீப்பாய் வாங்கியாந்து குடுத்தேன். குழில கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்கன்னு தொண்டை வத்தக் கத்தினேன். அப்பா என்ன செஞ்சாரு?"

"பீப்பாயைக் கன்னுக்குட்டிக் கொட்டகைக் கதவுக்கு முட்டுக் குடுத்தாரு. 'எம் பொண்ணு பட்டம் கதவைத் தாங்குது'ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் தெம்பில்லை.

ஃபெர்கல் ஆணியிலிருந்து டிராக்டர் சாவியை எடுத்தான். "ஜெபமாலைக்கு நேரம் கிடக்கு. அடுத்த வாரம் அரசாங்கத் தடை வந்துரும், அப்புறம் குளிர்காலம் பூரா வயல்ல ஒரு சொட்டு சாணி தெளிக்க முடியாது. பாதி கலக்கின குழி. முடிச்சிட்டு வந்துடறேன்."

கிரான்யா கத்தியைக் கீழே வைத்தாள். போய்ப் பின்கதவைத் திறந்தாள். கொடியில் அப்பாவின் வேலை உடுப்பு, நேற்று அவள் துவைத்துப் போட்டது, இரண்டு கையும் அசையாமல் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"குழில ஊத்தப் பீப்பாயை எடுத்தா கதவுக்கு எதை முட்டுக் குடுக்கிறது?" என்றான்.

"கல்லு கிடக்கே."

ஃபெர்கல் சாவியை ரொட்டித் தட்டின் ஓரமாக வைத்தான். கத்தியை எடுத்து, அடுத்த துண்டுக்கு வெண்ணெய் தடவ ஆரம்பித்தான்.